நாலு விரல் அகலம்

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், பிரெஞ்சில் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி. வெளியே பனியில் பட்ட மார்ச் வெயில் அறையின் கூரைவரை ஏறுகிறது. மேசைமேல் கௌரியின் ஏழு வருட உழைப்பு, சீனாவின் மஞ்சூரியாவுக்குக் குறுக்கே ரஷ்யா போட்ட ரயில் பாதை பற்றிய ஆய்வேடு. முதிய பரீட்சகர் அதன் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து வைத்திருக்கிறார். "தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் பொறியியலாளர்களின் விஷயம். அதில் ராஜதந்திரம் எங்கே இருக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்கிறார். இதற்குப் பதில் இல்லையென்றால் ஆய்வேடு திருப்பி அனுப்பப்படும். கௌரி சோக்கை எடுத்துக் கரும்பலகையில் இரண்டு கோடுகள் இழுக்கிறாள். நடுவில் தன் நாலு விரல்களை வைக்கிறாள். "சீனா கேட்ட அகலத்தைவிட ரஷ்யா போட்டது இவ்வளவுதான் கூட. ஆனால் பீக்கிங்கின் பெட்டி இதில் ஓடாது. ரஷ்யாவின் விளாடிவொஸ்டொக்கிலிருந்து வரும் பெட்டி ஓடும். ரஷ்யப் படையும் சரக்கும் மட்டும்தான் அதில் வர முடியும்."

பின்வரிசையில் அவள் கணவன் ஆனந்தராசாவுக்கு இந்தப் பிரெஞ்சு பிடிபடவில்லை. பக்கத்தில் இருக்கும் கௌரியின் சிநேகிதி ஜொய்சியிடம் குனிகிறான்.

"என்னவாம்?"

"நாலு விரல் இடத்தால ஒரு நாட்டுக்குள்ள பூந்திட்டாங்களாம், அண்ணை."

"எங்கட சாப்பாட்டு மேசையையும் இவள் அப்பிடித்தான் பிடிச்சவள். முதல்ல ஒரு புத்தகம் வைக்கத்தான் இடம் கேட்டவள்."

ஜொய்சி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். பரீட்சகர் எழுந்து கரும்பலகைக்கு வருகிறார். கௌரி கையை எடுத்த இடத்தில் தன் விரல்களை வைத்துப் பார்க்கிறார். பிறகு இருக்கைக்குத் திரும்பி, சோக் படிந்த கையாலேயே ஆய்வேட்டின் கையொப்பப் பக்கத்தைத் திறக்கிறார்.