மருந்து போன இடம்

சுரபாயாவில் எங்கள் ரத்தக்குழாய் வார்டில் சுப்ராப்தோ என்பவரின் வலது பாதத்துக்கு ரத்தம் போகவில்லை. விரல்கள் கறுத்துவிட்டன. கடைசியில் புது மருந்தொன்றை முயன்று பார்த்தோம். அதில் இரும்புத் துகள் கலந்திருக்கும். கையில் ஊசி போட்டுவிட்டுப் பாதத்தருகே காந்தத்தை வைத்தால் மருந்து அங்கே போய்ச் சேரும்.

மறுநாள் படம் எடுத்துப் பார்த்தால், அவர் உடம்பில் எங்கேயும் அந்த மருந்து இல்லை.

மதியம் அவர் மனைவி வுர்யானி என்னிடம் வந்தார். சர்க்கரை நோயால் பல வருஷமாக மரத்துப்போன பாதங்கள் அவருக்கு.

"சிஸ்டர், வலது காலுக்குத் தரை சில்லுன்னு தெரியுது," என்றார். பயந்திருந்தார்.

டாக்டர் ரெத்னோ அவரையும் படம் எடுக்கச் சொன்னார். வலது பாதம் முழுக்க மருந்து வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"உங்களுக்கு நாங்க ஊசியே போடலையேம்மா."

"எனக்கு வேணாம் டாக்டர். எடுத்து அவருக்கே குடுத்துடுங்க. என் காலை வெட்டினாலும் பரவாயில்ல."

"விடு," என்றார் படுக்கையிலிருந்த சுப்ராப்தோ. "வீட்டுல ஒருத்தராவது நடக்க வேணாமா?"

சுப்ராப்தோவின் காலை வெட்டி எடுக்க ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதற்கு முன், இன்னும் ஒரே ஒரு தடவை காந்தத்தை வைக்கும்படி வுர்யானி கெஞ்சினார். வைத்தேன். கறுத்த விரல்களில் மாற்றமில்லை. சுவரோரம் நாற்காலியில் இருந்த வுர்யானியின் வலது கால்தான் தரையில் உரசியபடி கட்டிலை நோக்கி இழுபட்டது.

இறுகப் பிடித்திருந்த நாற்காலிக் கைப்பிடியை வுர்யானி விட்டுவிட்டார்.