உதட்டில் விரல்

நூலகர் சங்கத்தின் பொன்விழா. சங்க வரலாற்றை ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு அமர்ந்தார் தலைவர் தணிகாசலம். நான் எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன்.

“சார், நாலு வருஷமா தினக்கூலி நூலகரா இருக்கோம். எங்களை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு தீர்மானமாவது போடுங்க.”

“சாப்பாட்டு நேரத்துலயாம்மா? படிச்ச புள்ள மாதிரி நடந்துக்க.”

“படிச்சதாலதான் சார் கேக்குறேன். எங்க வீட்ல யாரும் படிக்கல, யாரும் கேக்கல.”

அவர் உதட்டில் விரலை வைத்தார். காலமெல்லாம் வாசகர்களை அடக்கிய பழக்கம். அரங்கம் முழுக்க நூலகர்கள்தானே, விரல்கள் ஒவ்வொன்றாக உதட்டுக்கு ஏறின. என்னோடு கூலி வாங்கும் செங்கமலத்தின் விரலும்தான். என் கையும் தானாக எழுந்தது. எழுந்த விரலால் மைக்கை ஓங்கித் தட்டினேன்.