தொண்டையின் மறுப்பு

சிறைக்குள் இறந்துபோன தன் தம்பியின் உடலைத் தரும்வரை உண்பதில்லை என்று அதே சிறையில் கைதியாயிருந்த செங்கோடன் கிடந்தான். கைகால்களைக் கட்டிலோடு பிணைத்துக் குழாய்வழியே கஞ்சி செலுத்த முயன்றபோதெல்லாம் அவனுடைய தொண்டை ஓங்கரித்துக் குழாயை வெளியே தள்ளியது. ஆகவே, வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோபி நோயாளிகளின் ஓங்கரிப்பை ஊசியால் அடக்குவதில் பெயர்பெற்ற அக்குபஞ்சர் வைத்தியர் அருமைநாயகம் வரவழைக்கப்பட்டார்.

"இவன் செத்தா எங்க தலைதான் உருளும். சீக்கிரம் சார்," என்றார் ஜெயிலர்.

கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தை வைத்தியரின் விரல் தேடியது. செங்கோடன் சிரித்தான்.

"பாத்துக் குத்துங்க வைத்தியரே. இந்த உடம்புல தொண்டை ஒண்ணுதான் இன்னும் எம் பக்கம் நிக்குது."

ஊசி இறங்கியது. பின்னாலேயே குழாயும் இறங்கியது. தொண்டை அசையவில்லை, கண்கள் மட்டும் வைத்தியரை விட்டு அகலவில்லை.

"கையில வித்தை வச்சிருக்கீங்க சார்! சாப்பிட்டுத்தான் போகணும்," என்று ஜெயிலர் அவரை அமரவைத்து இலை போட்டார்.

முதற்கவளம் நாவைத் தொட்டதும் அருமைநாயகத்துக்கு ஓங்கரித்தது. அடுத்ததும் இறங்கவில்லை. ஜெயிலர் பார்த்துக்கொண்டே இருந்தார். வைத்தியர் இடக்கையால் சட்டைப்பையிலிருந்த ஊசிப்பெட்டியை எடுத்துத் திறந்தார்.