எட்டாம் எண் நூல்

தூண்டில் கடையின் பின்முற்றத்தில் மாலை வெயில். போன வருடம் பாறையில் வலது கை நசுங்கிய கல்லுடைப்பவன், முதன்முறையாக இடது கையால் ஈயக் குண்டு இல்லாமல் நூலின் கனத்திலேயே போகும் தன் தூண்டிலை வீசிப் பார்க்கிறான். கோலில் பொறித்திருக்கும் எண்படி கடைக்காரர் ஏழாம் எண் நூலைத்தான் மாட்டியிருக்கிறார். கோல் வளையவே இல்லை. நூல் காலடியில் சுருண்டு விழுகிறது. “மீன் பிடிக்கிறியா, கோழிக்குத் தீனி போடுறியா மாப்ளே?” என்கிறான் கூட வந்த அக்காள் கணவன். இவன் கடைக்காரரிடம் திரும்புகிறான். “எட்டு மாட்டுங்கண்ணே, அது கனம் கூட. நூல் கனமா இருந்தா மெதுவா வீசினாலும் கோல் வளையும்.” “கோல்ல ஏழுன்னுல்ல போட்டிருக்கு?” என்கிறார் கடைக்காரர். “அது நல்ல கைக்குப் போட்டதுண்ணே.” அவர் நூலை மாற்றுகிறார். மறுபடி வீசுகிறான். இந்த முறை கோல் வளைகிறது. நூல் நீண்டு போய் எதிர்ச்சுவரைத் தொடுகிறது. அக்காள் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்துகிறான்.