நாலு பேருக்கு அளவு

குப்பைக் கூடையிலிருந்து உருளைக்கிழங்குத் தோலை அள்ளித் தராசில் வைத்தார் ஸ்டோர் கீப்பர். முள் ஐம்பது கிராமைக்கூடத் தொடவில்லை. ஒரு தோலை விரல் நுனியில் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினார். மறுபக்கம் தெரிந்தது.

“பார்த்தியாக்கா? போன மாசம் வரைக்கும் என் பொண்டாட்டி சீவினா தோலோட பாதிக் கிழங்கும் குப்பைக்குத்தான் போகும். மேலே ஒரு கண்ணு இருந்தா கை தானா திருந்துது பாரு.”

அக்கா தலையாட்டி வைத்தாள். சாட்சி சொல்ல அவளைத் தம்பிதான் வரவழைத்திருந்தார். பஸ் டிக்கெட் அவள் செலவு.

தெருவில் அவருக்குக் கால்கிலோ என்று பெயர். எந்தக் கடையிலும் அவர் அதற்கு மேல் கேட்டதில்லை. தொழிற்சாலைக் கிடங்கில் இருபது வருஷமாக ஆணியும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிறார். அதனால் குடும்பமும் நடத்தத் தெரியும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார்.

ஒரு மாதத்துக்கு முன் மனைவி ஒன்று கேட்டாள். அவளுடைய அப்பா தனியாகத் தங்கியிருந்த லாட்ஜை இடிக்கப் போகிறார்கள். மாதம் முடிந்ததும் அறையைக் காலி செய்தாக வேண்டும். மகள் வீட்டை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

கால்கிலோவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மாமனார் ஒரு தொழிலாளர் விடுதியில் முப்பத்தைந்து வருஷம் சமையல்காரராக இருந்தவர். அடுப்படியிலேயே கிடந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது, ருசி பார்க்கிறேன் என்றே அரைச் சட்டியைக் காலி பண்ணுவான் என்று மாமனாரை ஒருமைக்கு இறக்கினார். பிறகு, தான் நியாயஸ்தன் என்று காட்டுவதற்காக ஒரு பந்தயம் கட்டினார்.

ஒரு மாதம் வீட்டுச் சாமான் முழுக்க அவர் பொறுப்பு. என்றைக்கு என்ன சமையல் என்று அவரே பட்டியல் போடுவார், நாலு பேருக்கு வேண்டியதை அவரே அளந்து தருவார். அவரும் மனைவியும் இரண்டு பெண்களும் சாப்பிட்டது போக ஒரு ஆள் சாப்பாடு மிஞ்சினால் மாமனார் வரலாம். மிஞ்சாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மிஞ்சுகிற மாதிரி அளந்து கொடுத்தால் அவர் என்ன கால்கிலோ?

மனைவி “சரிங்க” என்றாள். அதோடு சரி.

மறுநாளே குளிர்சாதனப் பெட்டியின் மேல் பட்டியல் ஏறிவிட்டது. திங்கள் பருப்பு, செவ்வாய் முட்டைக்கோஸ், புதன் ஆளுக்கு அரை முட்டை. எண்ணெய்ப் பாட்டிலில் தினமும் மார்க்கரால் ஒரு கோடு. காய்க்காரி கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போய், அவள் தூக்கிப் போட எடுத்த தக்காளிக்கு விலை கேட்பார். அதைப் பேரம் என்று வேறு சொல்லிக்கொண்டார். பேரம் முடிந்தால் இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டும். அவளோ இவர் தலை தெரிந்ததுமே கோணியை இழுத்து மூடினாள்.

காலை ஏழு மணிக்கு அன்றைய பங்கை மேசையில் வைத்துவிட்டுப் போனால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார். சாப்பாடு முடிந்ததும் முதலில் சட்டியில் தலையை விடுவார், பிறகு குப்பைக் கூடையில். சட்டியில் ஒரு பருக்கை இருக்காது. கூடையில் கீரைத் தண்டுகூட இருக்காது. ஆனால் சாப்பாடு மட்டும் நாளுக்கு நாள் ருசியேறிக்கொண்டே போனது. பெண்கள் தட்டை வழித்தார்கள். அவரே இரண்டாம் தடவை தட்டை நீட்டி, எல்லாம் பட்டியல் செய்கிற வேலை என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இடித்தது. அன்று பூரா அவர் அடுப்படியை விட்டு நகர மாட்டார். கிழங்குத் தோல் பழையபடி தடிக்கும், பருப்பு அடிப்பிடிக்கும். தான் எதிரே நின்றால் பயத்தில் இவளுக்குக் கை ஓடவில்லை என்று கண்டுபிடித்து, அதற்கும் தனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

இன்றோடு மாதம் முடிந்தது. சாப்பிட்ட கையோடு சட்டியை எடுத்துவந்து அக்காவின் முன் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

ஒரு வயசான மனுஷர் அப்படி எவ்வளவுதான் தின்றுவிடப் போகிறார் என்று அக்கா மெல்ல இழுத்தாள். பாவ புண்ணியம் பேசக் கூப்பிடவில்லை, கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்று தம்பி அவள் வாயை அடைத்தார். பந்தயத்தில் பேசின பேச்சை எந்தப் பக்கமும் மாற்றக் கூடாது, அதற்குத்தான் சாட்சி என்றும் சொன்னார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லு. நாலு பேருக்கு அளந்தது நாலு பேருக்கே சரியாப் போச்சு. இதுல அஞ்சாவது ஆளுக்குச் சோறு எங்கேருந்து வரும்?”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை. சாட்சியைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு மாசமா எங்கப்பாதான் அண்ணி இங்க வந்து சமைச்சு, அவரும் சாப்பிட்டுட்டுப் போறார்.”