மேடம் கேட்ட டீ

அன்று காலையில் மட்டும் மூன்றாவது தடவையாக டீ திரும்பி வந்தது.

“நான் கேட்டது ஸ்ட்ராங் டீ. இது வீக்,” என்றார் தபால் பிரிவு மேடம், நிறத்தைப் பார்த்தே.

டீக்கா கப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். டீ போடுகிற அக்கா என்பது சுருங்கி டீக்கா ஆகிப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் அவள் போட்ட டீயை யாரும் குறை சொன்னதில்லை. இந்த மேடம் போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர்.

எல்லாம் ஒரு சுற்றறிக்கையால் வந்த வினை. மாடிக்கு மாடி டீ மெஷின் வைக்கப் போகிறார்கள். இனி டீ போட ஆள் வேண்டாம். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து உட்காரும் மேல்மாடி அறைக்கு மட்டும் ஒருவர் போதும். ஆனால் அவருக்கு டீ சம்பந்தமாக இங்கிலீஷில் கேட்டால் புரிய வேண்டும், பதில் சொல்லவும் தெரிய வேண்டும். மாதக் கடைசியில் பரீட்சை.

டீக்காவின் மகளுக்கு நர்ஸிங் கடைசி வருஷம். அது முடிகிற வரைக்குமாவது இந்த வேலை நிலைக்க வேண்டும். ஆனால் டீக்காவோ எட்டாம் வகுப்போடு நின்றவள். சுற்றறிக்கையோடு கொடுத்த இங்கிலீஷ் வார்த்தைத் தாளைப் பார்த்தாள். நமக்கு இதெல்லாம் ஏறாது என்று மடித்து டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

மறுநாளே மேடம் ஆரம்பித்தார்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை போன். அதுவும் இங்கிலீஷில். பிளாக் டீ என்பார்; பால் கலந்து கொண்டுபோனால் திருப்பிவிடுவார். ‘டீ வித் மில்க்’ என்றாரே என்று, வழக்கம்போல் தூள், பால், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்க வைத்துக் கொண்டுபோனாள்.

“டீக்குப் பால் கேட்டேன். பால்ல வேக வெச்சுக் கேக்கலை. டீ தனி, பால் தனி,” என்றார்.

எப்படி வேணும் மேடம் என்று தமிழில் கேட்டால் மட்டும் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

ஆபீஸே பொருமியது. ஏழை வயிற்றில் அடிக்கவென்றே சிலர் பிறந்து வருகிறார்கள் என்றார் டிரைவர். அந்த நாக்கில் தேள் கொட்ட என்றாள் டைப்பிஸ்ட். பெருக்குகிற ‘புயல்’ மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெருக்கும் வேகத்துக்கு வைத்த பேர் அது.

முதல் வாரம் டீக்காவுக்கு அழுகை வந்தது. இரண்டாவது வாரம் கோபம் வந்தது. டப்பாவுக்கு அடியில் கிடந்த தாளை உருவினாள். பஸ்ஸில் படித்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே மகளிடம் ஒப்பித்தாள். ஸ்ட்ராங் என்றால் தூள் எத்தனை நிமிஷம் ஊற வேண்டும், வீக் என்றால் எத்தனை என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழகினாள். தினமும் படுக்குமுன் கைகூப்பினாள்.

“கடவுளே, அந்தம்மாவுக்கு நல்ல புத்தியக் கொடு. கொடுக்காட்டியும் பரவாயில்ல, நாளைக்கு எனக்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்தாப் போதும்.”

நாலாவது வாரம் ஒரு கப்கூடத் திரும்பவில்லை. மேடம் கேட்டு முடிப்பதற்குள் இவள் போனில் எதிர்க்கேள்வி போட்டாள். “ஸ்ட்ராங் ஆர் வீக், மேடம்? மில்க்? ஷுகர்?” மேடம் பேருக்குக்கூடப் பாராட்டவில்லை.

பரீட்சையில் மேனேஜர் கேட்டதற்கெல்லாம் டீக்கா தடுமாறாமல் பதில் சொன்னாள். மேல்மாடி அவளுக்குத்தான் என்று ஆனது.

உத்தரவைக் கையில் வாங்கியதும் நேரே மேடம் அறைக்குக் கிளம்பினாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும், அதுவும் இங்கிலீஷில். வழியில் புயல் மறித்தாள்.

“எங்க இவ்வளவு வேகமா?”

“அந்தம்மாவப் பார்க்கத்தான். இனிமே டீ வேணும்னா மெஷின்கிட்டப் போய் இங்கிலீஷ் பேசட்டும்.”

புயல் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். மேடம் டீயே குடிக்க மாட்டாராம். வயிற்றுப்புண், டீயைத் தொடவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

“அந்தத் தாளை நீ மடிச்சு வெச்சதை அவங்க பார்த்திருக்காங்க. ‘உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தா, எனக்கு வராதுன்னு அழுவா. கோவம் வந்தாத்தான் கத்துக்குவா’ன்னாங்க. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

டீக்கா கையிலிருந்த உத்தரவை மடித்தாள்.

“அப்போ, திருப்பி அனுப்பாத டீயெல்லாம்?”

“எல்லாம் இந்த வயித்துக்குள்ளதான். நீ தேறத் தேற எனக்குக் கப் கூடிக்கிட்டே போச்சு. ஒரு வாரமாப் பொட்டுத் தூக்கம் இல்ல. நல்லவேளை, இன்னைக்காவது பாஸாயிட்ட.”