இரண்டாயிரம் டாலர் தூரம்

அமெரிக்காவின் மோண்டானாவில் வேட்டைச் சாமான் கடையொன்றின் வாசலில், வாக்கரில் சாய்ந்தபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்திருக்கிறார் வெர்ன். எதிர்மலையில் வெயில் மங்கிவிட்டது. முதலில் வாங்கிப் பார்த்த முந்நூறு டாலர் பைனாகுலரில் வெறும் கறுத்த மரங்கள்தான் தெரிந்தன. இப்போது கையிலிருக்கும் இரண்டாயிரம் டாலர் பைனாகுலரில், மரங்களுக்கிடையே கொம்பு விரித்த எல்க் மான் ஒன்று நிற்கிறது. அதன் மூச்சு ஆவியாகப் பறப்பதும் தெரிகிறது.

“மலையேற முடியாத மனுஷனுக்கு ரெண்டாயிரமா? அந்தக் காசுக்கு மலையையே வாங்கிடலாமே!” என்கிறார் மனைவி லொரெட்டா.

“ஏற முடியலைன்னுதானே கேக்கறேன், லொரி.”

மான் மெல்ல மேலேறுகிறது. பைனாகுலரை இறக்காமலே, வெர்ன் ஒரு கையால் வாக்கரை ஓரடி முன்னே தள்ளுகிறார். லொரெட்டா அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பிறகு கடைக்காரரிடம், “அவர் கையில இருக்கறதுக்கே பில் போடுங்க” என்கிறார் தணிந்த குரலில்.

மான் முகட்டைத் தாண்டிப் போய்விட்டது. வெர்ன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.